முரளிதரன் சொன்னதும் திருச்சி கேட்டதும்

2020 அக்டோபர் 13 அன்று ‘800’ படத்தின் மோஷன் போஸ்டர் வெளிவந்தது. இலங்கைக் கிரிக்கெட் சட்டையில் விஜய் சேதுபதி. சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் வேடம். ஆறே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று. நடிக்க வேண்டாம் என்று பாரதிராஜா கடிதம் எழுதினார். வைரமுத்து சொன்னார், தாமரை சொன்னார், சீனு ராமசாமி சொன்னார், கட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. 19-ஆம் தேதி முரளிதரனே ஓர் அறிக்கை விட்டார்: என்னால் ஒரு கலைஞருக்குச் சங்கடம் வேண்டாம், விலகிக்கொள்ளுங்கள் என்று. அதைப் பகிர்ந்த விஜய் சேதுபதி, ‘நன்றி, வணக்கம்’ என்று இரண்டே சொல்லில் கணக்கை முடித்தார். அந்த நாட்களில் அவருடைய மகளைக் குறிவைத்து ட்விட்டரில் ஒருவர் விடுத்த மிரட்டலை இங்கே திரும்ப எழுதக்கூட முடியாது.

விளையாட்டுக்காரர் ஒருவர் வாய் திறந்து அரசியல் பேசிவிட்டால் அவரைக் கொண்டாடிய கூட்டம் என்ன செய்கிறது, எதை வைத்து அதைச் செய்கிறது என்ற கேள்விக்குத் தமிழில் இதைவிடப் பெரிய வழக்கு கிடையாது. அதைப் பார்ப்பதற்குச் சென்னையைவிடத் திருச்சி நல்ல இடம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்த வழக்கைப் பல வருடமாகப் பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரசிகர் கூட்டம் பேச்சை எடைபோடுவதாகத்தான் சொல்லிக்கொள்கிறது, உண்மையில் அது எடைபோடுவது பேசியவர் தனக்கு என்ன உறவு என்பதை. அந்த உறவையும் அது பாதிதான் தெரிந்துவைத்திருக்கிறது.

முதலில் பேச்சு. 2013 நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டுக்காக இலங்கை வந்த பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் யாழ்ப்பாணம் போனார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார்கள் அவர் வண்டியைச் சூழ்ந்து அழுத காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் ஓடியது. கொழும்பு திரும்பிய கேமரூன் முரளிதரனைச் சந்தித்தார். பிறகு செய்தியாளர்களிடம் முரளிதரன், பிரதமரை யாரோ தவறாக வழிநடத்திவிட்டார்கள், வடக்கில் நிலைமை முன்னேறி வருகிறது, நான் என் கண்ணால் பார்க்கிறேன் என்ற பொருளில் பேசினார். இது முதல் பேச்சு. இரண்டாவது 2019-இல். கோத்தபய ராஜபக்ச ஜனாதிபதித் தேர்தலில் நின்ற காலம். அவருக்கு ஆதரவாகப் பேசிய முரளிதரன், போர் முடிந்த 2009-தான் தன் வாழ்வில் மகிழ்ச்சியான காலம் என்றார்.

தமிழ்நாட்டில் தீப்பிடித்தது இரண்டாவது பேச்சு. அதுவும் சொன்ன உடனே இல்லை, ஒரு வருடம் கழித்துப் படம் வந்தபோது. எனக்கு இது எப்போதுமே விசித்திரமாகப் படுகிறது. இரண்டில் கொடியது முதல் பேச்சுதான். போர் ஓய்ந்ததில் மகிழ்ச்சி என்பதற்கு, குண்டு வெடிக்காத தெருவில் நடக்க ஆசைப்பட்ட ஒருவரின் சொல் என்றாவது பொருள் கொள்ள இடம் இருக்கிறது. 2020 அறிக்கையில் அவர் அப்படித்தான் விளக்கினார். சிறுவயதில் தந்தை வெட்டுப்பட்டது, சொந்தத்தில் சாவு விழுந்தது, குடும்பம் வீதிக்கு வந்தது எல்லாவற்றையும் சொல்லி, இரு பக்கமும் சாவு நின்றதைத்தான் மகிழ்ச்சி என்றேன், அப்பாவிகளின் கொலையை ஒருநாளும் ஆதரிக்கவில்லை என்றார். ஆனால் பிள்ளையைத் தேடி அழும் தாயின் பக்கம் போய்வந்த விருந்தாளியைப் பார்த்து, உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்பதற்கு அந்த விளக்கம் செல்லாது. அந்தப் பேச்சு இங்கே சில நாள் செய்தியாக இருந்துவிட்டு அடங்கிப்போனது. படம் என்று ஒன்று வந்து, அதில் நம்முடைய நடிகர் ஒருவர் நடிக்கிறார் என்ற பிறகுதான் பழைய பேச்சுகள் எல்லாம் தோண்டி எடுக்கப்பட்டன.

இன்னும் பின்னால் போனால் விசித்திரம் கூடுகிறது. 2005-இல் சென்னைப் பெண்ணான மதிமலரை மணந்தார் முரளிதரன். 2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. சென்னையின் மாப்பிள்ளை, அதோடு தமிழில் பேட்டி கொடுக்கும் வெளிநாட்டு வீரர். சேப்பாக்கம் அவரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டது. 2009 ஐ.பி.எல். தேர்தல் காரணமாகத் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஏப்ரல் 18-இல் தொடங்கி மே 24-இல் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது மே 18. சென்னை அணி அரையிறுதியில் பெங்களூரிடம் தோற்றது மே 23. அந்த வாரங்களில் மஞ்சள் அணியில் முரளிதரன் இருந்தார். தமிழ்நாட்டிலோ அந்த ஜனவரியிலேயே போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் தீக்குளித்திருந்தார். ஊர் ஊராக உண்ணாவிரதமும் மறியலும் நடந்துகொண்டிருந்தன. ஆனாலும் அந்த மஞ்சள் சட்டைக்காரரிடம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பகலில் மறியலுக்குப் போய்விட்டு ராத்திரி மேட்ச் பார்த்த ஆட்கள் திருச்சியிலும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. கிரிக்கெட்டையும் ஈழத்தையும் ஒரே மூச்சில் பேசும் வழக்கம் அன்றைக்கு இல்லை.

அந்த வழக்கம் வந்தது 2012, 13-இல். அதில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தனிப் பங்கு உண்டு.

2011 தேர்தலில் ஜெயலலிதா நின்று வென்ற தொகுதி ஸ்ரீரங்கம். முதலமைச்சரின் தொகுதி என்ற பெயர் 2014 செப்டம்பரில் அவர் பதவி இழக்கும்வரை அந்த ஆற்றுத் தீவுக்கு இருந்தது. 2012 செப்டம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் கொழும்புப் பள்ளி மாணவர்களின் கால்பந்து அணியை ஆட அனுமதித்த அதிகாரியை இடைநீக்கம் செய்து, வந்த பையன்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார் முதலமைச்சர். அதே வாரத்தில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்திருந்த இலங்கை யாத்ரிகர்களுக்கு எதிர்ப்பு கிளம்பியது. விமானம் ஏறத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவர்களின் பேருந்துகள் வழியில் கல்லெறிக்கு ஆளாயின. திருச்சி விமான நிலையத்திலிருந்து அவர்களைத் தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது இலங்கை. ஜெபமாலையோடு வந்தவர்கள் மீது கல் எறிந்த வெட்கம் இந்த ஊர்ப் பக்கத்துச் சாலைகளுக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு ரசிகர் நியாயம் பேச முடியாது.

2013 மார்ச்சில் மாணவர் போராட்டம் வெடித்தது. பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் வெளியாகியிருந்தன. சென்னை லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவிற்று. திருச்சிக் கல்லூரிகளும் தெருவுக்கு வந்தன. அரசு கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்க வந்த புத்த பிக்கு ஒருவர் தாக்கப்பட்டார். ஆசிய தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த மாட்டோம் என்று அரசு கைவிரித்துவிட, அது புனேக்குப் போனது. மார்ச் 26 அன்று பிரதமருக்கு முதலமைச்சர் கடிதம் எழுதினார்: இலங்கை வீரர்கள், நடுவர்கள், அலுவலர்கள் எவரும் இல்லை என்றால் மட்டுமே ஐ.பி.எல். ஆட்டங்கள் தமிழ்நாட்டில் நடக்கலாம். ஐ.பி.எல். நிர்வாகம் அன்றைக்கே ஒப்புக்கொண்டது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய சேப்பாக்கத்தில் இனி இலங்கைக்காரர் ஆட முடியாது என்றாயிற்று.

அந்தத் தடையில் மாட்டியவர்களில் ஒருவர் முரளிதரன். அப்போது அவர் பெங்களூர் அணியில் இருந்தார். தமிழருக்காகப் போட்ட தடை, சென்னையில் மாமனார் வீடு உள்ள தமிழரையும் சென்னை மைதானத்துக்கு வெளியே நிறுத்திற்று. கடவுச்சீட்டைப் பார்த்துப் போட்ட தடைக்கு ஆள் தெரியாது. இன்னொன்று, அந்தச் சமயத்தில் அவர் மேலே சொன்ன இரண்டில் எதையும் பேசியிருக்கவில்லை. பேசாததற்குத் தண்டனை முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது. அந்தத் தடைக்கும் 2013 நவம்பர்ப் பேச்சுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் வரிசை அதுதான்.

இனி திருச்சிக்கு வருகிறேன்.

முரளிதரனின் தாத்தா பெரியசாமி சின்னசாமி, 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். பிற்காலத்தில் மகள்களோடு பிறந்த நாட்டுக்குத் திரும்பிய அவர் குடியிருந்த ஊர் திருச்சி. மகன்கள் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1972-இல் பிறந்த முரளிதரன் அவருடைய மகன். 2010 ஜூலை 22 அன்று காலியில், தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 விக்கெட்டைத் தொட்டவரின் வேர் காவிரிக்கரைப் பக்கம் இருக்கிறது.

இது தற்செயல் இல்லை. தேயிலைக்கு ஆள் போன பாதையில் திருச்சி முக்கியமான ஊர். இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கென்று 1904-இல் தொடங்கிய தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணிகள் ஆள் பிடித்து, முன்பணத்தில் கட்டி, மண்டபம் வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். போனவர்களின் பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கே கொழுந்து பறித்து, 1948-இல் ஒரே சட்டத்தில் குடியுரிமை இழந்தார்கள். அப்போது ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்துகொண்டது. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949-இல் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த ஒப்பந்தப்படி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் முரளிதரன் வேறு ஆளாகத் தெரிகிறார். அவர் யாழ்ப்பாணத்தவரும் அல்லர், வன்னியிலிருந்து போனவரும் அல்லர். சிங்களவர் நடுவே வாழ்ந்து, 1977 போன்ற கலவரங்களில் அடிவாங்கி, பாதுகாப்புக்கு ஓட வடக்கு என்று ஒரு சொந்த மண் இல்லாத மலையகத்துச் சமூகம் அவருடையது. ஈழம் அமைந்திருந்தாலும் அதன் எல்லைக்குள் கண்டி வந்திருக்காது. 1995 டிசம்பரில் மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர் அவர் பந்துவீச்சை எறிதல் என்று ‘நோ-பால்’ கொடுத்தபோது அவருக்காக நின்றவர் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க. முரளிதரன் யாரை நம்பினார், ஏன் நம்பினார் என்பது இதிலிருந்து கொஞ்சம் விளங்கும்.

விளங்கும் என்பதால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. 2009-இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோத்தபய. அவருக்காக 2019-இல் மேடை ஏறுகிறவர், அந்த மேடைக்குக் கீழே இருக்கும் குழிகளைப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துதான் ஏறுகிறார். உலகப் புகழ் உள்ள ஒருவருக்கு மௌனம் என்ற வழியும் திறந்தே இருந்தது. தமிழ்நாட்டு ரசிகரின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் அவரை ஈழத்தமிழராக்கி, இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்றது. தேயிலை, கங்காணி, 1948, 1964 எதுவும் அந்த ஆறு நாள் சண்டையில் வரவில்லை. சென்னையில் வராததை மன்னிக்கலாம். ஆணையத்தின் தலைமையகம் இருந்த ஊரில், தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழும் ஊரில், ஒருவராவது ‘இவர் நம்ம ஊர் ஆளப்பா, அதனால்தான் கேட்கிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தத் திட்டுக்கு வலு கூடியிருக்கும்.

கூட்டம் உறவைத்தான் எடைபோடுகிறது என்றேன் அல்லவா? சனத் ஜயசூரியவை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் மஹிந்த ராஜபக்சவின் கூட்டணியில் மாத்தறை எம்.பி. ஆனவர். பேச்சோடு நிற்கவில்லை, அந்த ஆட்சியிலேயே உட்கார்ந்தவர். ரணதுங்கவும் அரசியல்வாதிதான், அமைச்சராக இருந்தவர்தான். தமிழ்நாட்டு ரசிகர்கள் இவர்கள் மீது காட்டிய கோபம் முரளிதரன் மேல் காட்டியதில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா? சிங்களவர் அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டார்கள். நம்மவர் அப்படி இருக்கலாமா என்பதுதான் எரிச்சல். பங்காளிச் சண்டையில் உள்ள வெறி வழிப்போக்கரோடு போடும் சண்டையில் வருவதில்லை.

சன்ரைசர்ஸ் கதையும் உண்டு. 2015-இலிருந்து முரளிதரன் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தார். அந்த அணி சன் டிவி குழுமத்தின் அணி. விஜய் சேதுபதியை விலகச் சொல்கிறவர்கள் அங்கே ஏன் போய்க் கேட்கவில்லை என்று அந்த வாரத்தில் நடிகை ராதிகா பொதுவில் கேட்டார். பதில் வரவில்லை. பதில் எளிதுதான்: நடிகர் தனி ஆள், ரசிகர் மன்றத்தை நம்பிப் பிழைப்பவர், நெருக்கினால் பணிவார். டக்-அவுட்டில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பெழுதும் பயிற்சியாளரை யார் நெருக்குவது? அவரை நீக்கச் சொன்னால் ஒரு நிறுவனத்தோடு மோத வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் மயாமி நகரத்தைப் பார்ப்பது பயன்படும். 2012 ஏப்ரலில் மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் ஓஸி கியென், வெனிசுவேலாக்காரர், ‘டைம்’ இதழில் ஃபிடல் காஸ்ட்ரோவைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடமாகப் பலபேர் கொல்லப் பார்த்தும் மனிதர் இன்னும் இருக்கிறாரே என்ற வியப்பு. அந்த அணி அப்போதுதான் ‘லிட்டில் ஹவானா’ பகுதியில் புது மைதானம் திறந்திருந்தது. பெரும்பங்கு மக்கள் வரிப்பணம். சுற்றி வாழ்பவர்கள் காஸ்ட்ரோவின் கியூபாவை விட்டுத் தப்பி வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். மைதான வாசலில் ஆர்ப்பாட்டம், நீக்கு என்ற கோஷம். அணி அவரை ஐந்து ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தது. அவர் ஊருக்குப் பறந்து வந்து ஸ்பானிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டார். மன்னித்தவர்களும் உண்டு, மன்னிக்காதவர்களும் உண்டு. அந்தப் பருவத்தில் அணி 69 ஆட்டங்களில் வென்று 93-இல் தோற்றது. அக்டோபரில் வேலை போயிற்று. காஸ்ட்ரோ பேச்சா, 93 தோல்வியா என்று யாரும் ரொம்பக் கேட்கவில்லை.

மயாமியில் கத்தியவர்கள் நேரே பாதிக்கப்பட்டவர்கள். வீடு பறிபோனவர்கள், சிறையில் இருந்தவர்கள், படகில் வந்தவர்கள். அவர்கள் கையில் சீசன் டிக்கெட்டும் இருந்தது, ஓட்டும் இருந்தது. திருச்சியில் நிலைமை நேர்மாறு. சேப்பாக்கம் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடையிலோ ஸ்ரீரங்கத்து உத்தர வீதித் திண்ணையிலோ உட்கார்ந்து மேட்ச் பேசுகிறவரில் எத்தனை பேர் மைதானத்துக்குள் கால் வைத்திருப்பார்? திருப்பிக் கொடுக்க டிக்கெட் இல்லாதவரின் புறக்கணிப்பு ரிமோட்டிலும் கைப்பேசியிலும்தான் நடக்கும். அங்கே கோபத்துக்குச் செலவு கிடையாது. செலவில்லாத கோபம் சீக்கிரம் உச்சிக்கு ஏறும், சீக்கிரம் மறந்தும் போகும். (ஸ்ரீரங்கத்துக் கிரிக்கெட் பேச்சு வேறு ரகம் என்பதையும் சொல்ல வேண்டும். சுஜாதாவின் ஊர்க் கதைகளில் வரும் பையன்களிலிருந்து இன்றைய பெரியவர்கள் வரை, அந்தத் தெருக்களில் முரளிதரனின் மணிக்கட்டைப் பற்றிய வாதம் அவருடைய அரசியலைப் பற்றிய வாதத்தைவிட நீளமானது.)

2018 ஏப்ரலில் மட்டும் கணக்கு வேறாக இருந்தது. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஐ.பி.எல். எதற்கு என்று சென்னையில் போராட்டம். சேப்பாக்கத்துக்குள் செருப்பு விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேக்கு மாறின. ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலில் புனே போனார்கள். இதில் யாரும் யாரையும் பேசிப் புண்படுத்தவில்லை, ஆட்டக்காரர் எவர் மேலும் குற்றம் இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் தண்ணீரை விட்டுவிட்டு விசிலைப் பேசுவது கஷ்டமாக இருந்திருக்கும். ரயில் ஏறியவரும் போராடியவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மறதிக்கு வருவோம். 2022 பிப்ரவரி ஏலத்தில் சென்னை அணி இலங்கையின் மஹீஷ் தீக்ஷணவை 70 லட்சத்துக்கு எடுத்தது. சென்னை அணியைப் புறக்கணிப்போம் என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க முன்னணியில் ஓடிற்று. இலங்கை ராணுவத்தோடு அவர் பெயரை ஒட்டவைத்தும் வாதங்கள் வந்தன. அந்த இளைஞர் தமிழர் விஷயமாக எதுவும் பேசியவர் இல்லை. அந்தப் பருவத்திலேயே மதீஷ பதிரண வந்துசேர்ந்தார். 2023-இல் அணி சேப்பாக்கம் திரும்பியது. பத்து வருடத்துக்கு முன் இலங்கைக்காரருக்குக் கதவடைத்த அதே மைதானத்தில் பதிரண ஓடிவரும்போது விழுந்த விசில் திருச்சி டீக்கடை டிவி வரை கேட்டது. அந்தப் பருவத்தில் 19 விக்கெட், கோப்பை சென்னைக்கு. பிறகு 13 கோடிக்குத் தக்கவைத்தார்கள். 2013 கடிதம் என்ன ஆயிற்று, தடையை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பதிரணவை ரசித்ததில் எனக்குக் குறை இல்லை. இருபது வயதுப் பையன் ராஜபக்சவின் பாவத்தைச் சுமக்க வேண்டியதில்லை. அப்படியானால் 2012-இல் கால்பந்தோடு வந்த பள்ளிப் பையன்களும் சுமந்திருக்க வேண்டியதில்லை. யார்க்கர் போடத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார்கள் போலும்.

விளையாட்டுக்காரர் அரசியல் பேசக்கூடாது என்கிற வாதத்தை இதனால்தான் நான் மதிப்பதில்லை. 2025 ஜனவரியில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் அஸ்வின், இந்தி தேசிய மொழி இல்லை, ஆட்சி மொழி என்றார். சட்டப்படி சரியான வாக்கியம், ஆனால் அரசியல்தான். தமிழ்நாட்டில் கைதட்டல், பா.ஜ.க.வில் முணுமுணுப்பு, வடக்கே வசை. முரளிதரன் விஷயத்தில் விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள் என்றவர்களில் பலர் அஸ்வினிடம் வேலையைப் பார் என்றார்கள். முரளிதரனின் வாயை மூடச் சொன்னவர்களில் பலர் அஸ்வினைத் தோளில் தூக்கினார்கள். பேசலாமா கூடாதா என்பது இங்கே கேள்வியாக இருந்ததே இல்லை.

ரசிகருக்கு உரிமை உண்டு. படத்தைப் பார்க்க மாட்டேன், மேட்ச் பார்க்க மாட்டேன், உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லலாம். மகளை இழுக்கும் உரிமையோ பேருந்தில் கல்லெறியும் உரிமையோ கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தச் சண்டையில் யாருடைய குரல் வரவேயில்லை என்பது.

‘800’ வேறு நடிகரான மதுர் மிட்டலைக் கொண்டு எடுக்கப்பட்டு 2023 அக்டோபர் 6 அன்று வந்தது. தடுக்க யாரும் வரவில்லை, பார்க்கவும் பெரிய கூட்டம் வரவில்லை. மலையகத் தமிழர் இலங்கைக்குப் போய் 200 ஆண்டு ஆனதை நினைத்து அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததும் அதே வருடம்தான். இரண்டையும் சேர்த்து இங்கே யாரும் பேசியதாக நினைவில்லை.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. 2021-இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். மத்திய சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் என்று இன்னொன்றும் உண்டு. 2009-ஐப் பற்றிப் பேச இந்த ஊரில் முதல் உரிமை உள்ளவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். கியூபாக்காரர் மயாமியில் செய்தது போல இவர்கள் வாசலில் நின்று கத்த முடியாது. காவல்துறையின் க்யூ பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது, முகாமில் கணக்கெடுப்புக்குத் தலை காட்டாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல், ஓட்டு கிடையாது. இவர்களுக்காகப் பேசுகிறோம் என்றவர்கள் இவர்களிடம் கேட்டுவிட்டுப் பேசவில்லை.

முகாம்வாசிகளில் கணிசமானோர் மலையகத்துக்காரர்கள். தோட்டங்களில் கலவரம் வந்தபோது பாதுகாப்புக்காக வன்னிக்குப் போய், அங்கே போர் வந்து இங்கே படகேறியவர்கள். தாத்தா பாட்டி ஊர் என்று கேட்டால் இந்தப் பக்கத்து மாவட்டங்களைச் சொல்வார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த அப்படிப்பட்ட சிலர், நாங்கள் இந்திய வம்சாவளி, எங்களுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்லட்டும் என்று தீர்ப்பளித்தார். முரளிதரன் மேடையில் பேசியதும் அதே வருடம். டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுப் பெயர் அதில் இருந்தது, இலங்கை இல்லை. அடுத்த அக்டோபரில் ஆறு நாள் சண்டை நடந்தபோது, முரளிதரனின் தாத்தாவைப் போலத் தேயிலைக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் கொட்டப்பட்டில் இருந்தார்கள். அவர்கள் பெயரில் எந்த ஹேஷ்டேக்கும் ஓடவில்லை.